வடமாலபேட்டையின் நீராவி லாரி

வடமாலபேட்டையில் பஸ் கம்பெனிக்கு டிக்கெட் எழுதும் ஏஜெண்டு திருவேங்கடம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்கு, பின்பக்கக் கொட்டகையில் நெருப்பு மூட்டினார். பத்து மணி பஸ்ஸில் ஆள் வருகிறது. கொதிகலனில் ஆவி கட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

கொட்டகையில் நின்றது ஒரு நீராவி லாரி. டிரைவருக்கு முன்னால் நெட்டுக்குத்தாக ஒரு கொதிகலன், பின்சக்கரத்துக்கு மணிக்கட்டுக் கனத்தில் சங்கிலி, காற்றடிக்காத கெட்டி ரப்பர் டயர். வெள்ளைக்கார கான்ட்ராக்டர் ஒருவர் ரயில் பாலத்துக்குக் கல் இழுக்கக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் புளியமரத்தடியில் விட்டுப்போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தார் திருவேங்கடம். ஊரில் அதற்கு எருமை என்று பெயர். வந்து பார்த்தவர்களெல்லாம் எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் சென்னை மோட்டார் பத்திரிகை ஒன்றில் லாரியைப் பற்றி அவர் எழுதிய நாலு வரி வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு அரக்கோணத்திலிருந்து கோவர்த்தனன் என்ற டிராயிங் வாத்தியார் கார்டு போட்டிருந்தார். பழைய எந்திரங்களை வரைவது பழக்கமாம். கீழே ஒரு கேள்வி: பின்சக்கரத்துச் சங்கிலி ஓடும் பல்சக்கரத்தில் எத்தனை பல்?

அந்தக் கார்டு மூன்று நாள் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. பிறகு பதில் எழுதினார்: 'நேரில் வந்து நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஓட்டியும் காட்டுகிறேன்.'

ஓட்டிக் காட்டுகிறேன் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. கொதிகலனுக்குள் குழாய்கள் அரித்துப்போயிருந்தன. இன்னும் ஒரே ஒரு தடவை தாங்கும். அந்தக் குழாய்க்கு மாற்று இனி எங்கும் கிடைக்காது.

பத்து மணிக்கு ஆவி தயார். பஸ் வரவில்லை. பத்தரைக்குப் புத்தூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரன் சேதி சொன்னான். ஆந்திரா தனி ராஜ்யமாகி இரண்டு வருஷமாகியும் எல்லை தீரவில்லை. நகரியை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி ஜனங்கள் ரோட்டில் படுத்திருக்கிறார்கள்.

டீக்கடை செங்கம்மா டம்ளரோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, எருமைக்குக் காய்ச்சலா? இப்பிடிப் பொகையுது."

"விருந்தாளி வராரு."

"நகரியில படுத்துக்கினு இருக்கறவங்கள தாண்டியா வருவாரு? ஆவி வீணாப் போவுதே, நீயே ஒரு சுத்து ஓட்டிடேன்."

"வரட்டும்."

"வராங்காட்டி?"

திருவேங்கடம் இன்னொரு சவுக்குக் கட்டையை உள்ளே தள்ளினார். கைப்பிடியைத் திருப்பினால் போதும், எருமை நகர்ந்துவிடும். கை போகவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கொதிகலனுக்குள் சீறல் கேட்டது. மட்டம் காட்டும் கண்ணாடிக் குழலில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. தண்ணீர் இல்லாமல் நெருப்பு இருந்தால் கொதிகலன் வெடித்துக் கொட்டகையே இருக்காது. நீளக் கம்பியால் தணலையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீரை ஊற்றினார். சாப்பிடக் கூப்பிட வந்த செங்கம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கோவர்த்தனன் வந்தபோது மணி நாலு. நகரியிலிருந்து புத்தூர் வரை நடை, அப்புறம் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. ஒல்லியான மனிதர், கக்கத்தில் டிராயிங் நோட்டு, வேட்டி முழங்கால் வரை செம்மண். வணக்கம்கூடச் சொல்லாமல் போய்க் கொதிகலன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குதே."

"காலையில மூட்டினேன். குழாய் போயிடுச்சு. இனிமே ஓடாது சார்."

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கலாமே?"

"ஓட்டி? யார்கிட்ட சொல்றது?"

கோவர்த்தனன் கையை எடுக்கவில்லை. "ரெண்டு சிலிண்டர்தானே? ஒரு சுத்துக்கு நாலு தட்டு வரணும். எப்பிடிச் சத்தம் போடும்?" என்றார்.

திருவேங்கடம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஐம்பது வயது ஆள், கன்னத்தை உப்பிக்கொண்டு, "புஃப், புஃப், புஃப்... புஃப்" என்றார்.

"நாலாவது லேட்டா வருதே."

"ஆமா சார். இதுக்கு அப்பிடித்தான். வால்வுல ஒரு நொண்டி."

"நெனச்சேன்," என்று கோவர்த்தனன் லாரியின் தகரத்தில் விரலால் தட்டத் தொடங்கினார். நாலாவதைச் சரியாகத் தாமதித்தே தட்டினார். திருவேங்கடம் வாயால் சேர்ந்துகொண்டார். ஏற்றம், இறக்கம், பாரத்தோடு ஒரு தடவை, பாரமில்லாமல் ஒரு தடவை.

மறியல் கலைந்து, அரக்கோணம் போகும் பஸ் ஐந்தேகாலுக்கே வந்து ஹாரன் அடித்தது. அதுதான் கடைசி. திருவேங்கடம் ஓடிப்போய் டிக்கெட் எழுதினார். கோவர்த்தனன் ஜன்னல் வழியே எதையோ சொன்னார். எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

தூசி அடங்கிய பிறகுதான், பல்லை யாருமே எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்தவர் நோட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பினார். கொதிகலன் ஏறக்குறைய ஆறிவிட்டிருந்தது. பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, பழந்துணியால் கிரீஸைத் துடைத்துக்கொண்டே எண்ணினார். முப்பத்தொன்று வந்தது. எங்கே தொடங்கினோம் என்பதில் ஒரு சந்தேகம். ஒரு பல்லில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு, கார்டில் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.