புதன்கிழமை மூச்சுப் பயிற்சி

...இழுங்கள், மெதுவாக, இன்னும் கொஞ்சம், இப்போது விடுங்கள் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, வேல்விழியின் கண் மட்டும் முன்வரிசையில் நீலப் பாயில் உட்கார்ந்திருந்த ஜெயபாரதி மேடத்தை விட்டு அசையவில்லை, நாளைக்கு இந்த அம்மாள்தான் தங்கச்சி கலைமகள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு ஆடிட் போகிறார், ஆர்டர் கொடுக்கிறவர்கள் சார்பில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்க, நேற்று ஓட்டல் ரிசப்ஷனில் காருக்குச் சொல்லும்போது காதில் விழுந்தது... திங்கள் யோகா, புதன் மூச்சுப் பயிற்சி, வெள்ளி மாலை புல்தரையில் வள்ளி கும்மி, ஆர்டர் விஷயமாக வருகிறவர்கள் அலுப்புத் தீர ஓட்டல்காரர் செய்திருக்கும் ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான், யார் அலுப்பு யாருக்குத் தெரிகிறது? அங்கே கம்பெனியில் தையல் ஹாலின் பின்கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்களே, துணி களவு போய்விடுமாம், போன வாரம் வயர் கருகிப் புகை கிளம்பியபோது சாவி யாரிடம் என்று தெரியாமல் அத்தனை பெண்களும் அந்தக் கதவில் மோதிக்கொண்டு நின்றார்களே, கலைமகள் வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் படுத்தாளே, ஆடிட் அன்றைக்கு மட்டும் அந்தக் கதவு விரியத் திறந்து கிடக்கும், அதை இந்த அம்மாளிடம் யார் சொல்வது?

"நீ வாயத் தொறந்துராதக்கா, ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும் வேல போயிரும்" என்று கலைமகள் காலையில்தான் கையைப் பிடித்துக்கொண்டாள், வேலை போனால் வேறு வேலை, உயிர் போனால்? பயமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிடத்தான் வேண்டும், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் மேடம் என்று காலைப் பிடித்தாவது... வேல்விழியும் அதே கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தவள்தான், முதுகு வலிக்கென்று கற்ற யோகா இப்போது சோறு போடுகிறது, ஆடிட்டுக்கு முந்தின நாள் மேனேஜர் மகுடேஸ்வரன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுப்பார், "ஆரு என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமாச் சொல்லோணும் கண்ணு, ஒரு கொறையும் இல்லீங்கன்னு", பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள், இந்நேரம் கலைமகளும் சொல்லிக்கொண்டிருப்பாள்... விடுங்கள், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே விடுங்கள், யாருக்குச் சொல்கிறேன் இதை?

பயிற்சி முடிந்து மற்றவர்கள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள், ஜெயபாரதி மேடம் தானாகவே பக்கத்தில் வந்தார், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது, "ரொம்ப இதமா இருந்துச்சும்மா, நீங்க இங்க பனியன் கம்பெனி எதுலயாவது வேலை செஞ்சிருக்கீங்களா? அங்கெல்லாம் எப்படி?" வேல்விழி மூச்சை இழுத்தாள், கதவு, பூட்டு, புகை எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டன, முகம் அதுவாகச் சிரித்தது, "ஒரு கொறையும் இல்லீங்க மேடம்." அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார், படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, கூப்பிடு, இன்னும் தூரம் போகவில்லை, கூப்பிடேன்... வீட்டில் இன்றைக்கும் விருதுநகர்ப் பேச்சுப் பேசுகிறவள், மேனேஜரின் இந்த ஊர்ப் பேச்சு எப்படி வாயில் இவ்வளவு சுத்தமாக வந்தது, இங்கே அவளை யாரும் வரிசையில் நிற்கவைக்கவே இல்லையே.