நான்கு ஓட்டைகள் உள்ள படம்

இதை எனக்குச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கிரேன்காரர் வந்தது செவ்வாயா புதனா, அவர் சிரித்தது முதலிலா கடைசியிலா என்பதெல்லாம் இப்போது எனக்கே குழம்புகிறது. ஆனால் அந்தப் படத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அதை நானே பார்த்தேன்.

நகராட்சி நூலகத்தின் பின்னறையில் அவள் எட்டு மாதமாகப் பழைய படங்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். ஊரின் ஒரே ஸ்டூடியோவை மூடியபோது அங்கிருந்த பதினொரு பெட்டிகளையும் நகராட்சி வாங்கிப் போட்டிருந்தது. கடலோர ஊர், உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து, துடைத்து, ஸ்கேன் செய்து, யார், எங்கே, எப்போது என்று கீழே எழுத வேண்டும். ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள். ஐம்பத்திரண்டு வயதில் கழுத்து வலி அவளுக்குக் கூடப் பிறந்ததுபோல ஆகிவிட்டது.

படகுத்துறைத் திறப்பு விழாப் படத்தை மட்டும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். துறையைக் கட்டிய தொழிலாளர்கள் இரண்டு வரிசையாக நிற்கும் படம். பின்வரிசையில் ஆறாவது ஆள் அவளுடைய அப்பா.

வீட்டில் அவருக்கு ‘அந்தாள்’ என்றுதான் பெயர். திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, கல் ஏற்றிய படகில் போனவர் புயலில் திரும்பவில்லை. படகுக்காரரின் உடல் கரை ஒதுங்கியது. அந்தாள் ஒதுங்கவில்லை. அம்மா அழுது ஓய்வதற்குள் ஸ்டூடியோ வாசலில் விழாப் படத்தை மாட்டினார்கள். அதில் அந்தாள் மீசையை முறுக்கிக்கொண்டு உயிரோடு நின்றார். ஊர் வாயை யார் மூடுவது? புயலைச் சாக்கு வைத்து எவளோடோ ஓடிவிட்டான், விழாவுக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்றார்கள். அன்று கண்ணால் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியமே செய்தார்கள். அம்மா ஸ்டூடியோ படி ஏறி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இருக்கிற மானமும் போகும். அழுகை நின்று வசவு தொடங்கியது. நாற்பத்துநான்கு வருடமாக அது நிற்கவில்லை.

ஆறாவது முகத்துக்கு நேரே அவள் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதிவைத்திருந்தாள்.

மற்ற முகங்களை அடையாளம் காட்டத்தான் கிரேன்காரரைக் கூப்பிட்டாள். துறை கட்டியபோது கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்ததும் வேறு துறைமுகத்துக்குப் போனவர், இப்போதுதான் மகள் வீட்டோடு வந்து இருக்கிறார். இந்த ஊர்ப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படத்தின் ஓரத்தைத் தட்டினார்.

“இது யாரு, சொல்லு பாப்போம்?”

“நீங்கதானே?”

“நானேதான். ஆனா நான் அங்க இல்லம்மா!”

“அப்படின்னா?”

“அன்னிக்கு எனக்கு நூத்திமூணு காய்ச்சல். கட்டில்ல சுருண்டு கெடக்கேன். இங்க பாரு, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறேன். காய்ச்சல்காரன் மூஞ்சில இந்தக் களை வருமா?”

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தாள்.

“எஞ்சினியர் வெளியூர்க்காரர், பிடிவாதக்காரர். லிஸ்ட்ல உள்ள ஒருத்தன் பாக்கியில்லாம படத்துல இருக்கணும்னுட்டார். ஸ்டூடியோக்காரன் என்ன பண்ணுவான்? முந்தின வருஷ குரூப் போட்டோலேருந்து வராத ஆளுங்களை வெட்டி ஒட்டி, அதை மறுபடி படம் எடுத்துட்டான். என்னோட நாலு பேரு. எனக்குத் தபால்ல காப்பி அனுப்பினப்ப அவனே எழுதியிருந்தான், உங்க நாலு பேருக்கு இடம் புடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துபோச்சுன்னு.”

“மத்த மூணு பேரு யாரு?”

“அது ஞாபகமில்லையேம்மா.”

அவர் போன பிறகு அவள் மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். கிழிசல் படங்களின் உறையில் அந்த முந்தின வருட குரூப் போட்டோ இருந்தது. ‘எலி கடித்தது’ என்று அவளே எழுதியிருந்தாள். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எந்த எலியும் இவ்வளவு பொறுமையாகக் கடிக்காது. பிளேடால் வெட்டிய நான்கு ஓட்டைகள். நான்காவதில், அந்தாளின் மீசைக்குப் போன கையின் முழங்கைகூட வளைவு மாறாமல் தெரிந்தது. பழைய லிஸ்ட்டில் புயலில் போனவரின் பெயரை யாரும் அடிக்கவில்லை போலும். ஸ்டூடியோக்காரர் தெரிந்து செய்தாரா, ஊர் பேசியதைக் கேட்டும் பயந்து வாயை மூடிக்கொண்டாரா, கேட்க ஆளில்லை. அவர் போய் இருபது வருடமாகிறது.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அப்போ விழாவுக்கு வரல?”

“வரலம்மா. புயல்லயே போயிட்டார்.”

“எவளோடயும் போகல?”

“இல்ல.”

வெளியே ஒரு சைக்கிள் போனது. பிறகு வெகுநேரம் எதுவும் போகவில்லை.

“நேத்துகூட நாசமாப் போறவன்னு சொன்னேனேடி.”

அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

“எங்கயோ கெடக்கான், தின்னு கொழுத்துக் கெடக்கான்னு திட்டித் திட்டித்தான் உசுரோட வச்சிருந்தேன். இந்த வயசுல பொணமாக் கொண்டுவந்து குடுக்கிறே.”

“சொல்லாம இருந்திருக்கணுமாம்மா?”

“சொல்லி முடிச்சிட்டுக் கேக்கறா பாரு.”

துணியெல்லாம் தீர்ந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கே?”

“பெயர் தெரியவில்லைன்னு.”

“ஏன், தெரியாதா உனக்கு?”

அவள் மடித்த துணிகளை எடுத்து அடுக்கினாள்.

“பேரை எழுது. புயலடிச்ச தேதியையும் போடு. ஊர் படிக்கட்டும்.”

மறுநாள் அப்படியே எழுதினாள். ‘அப்பா’ என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாருடைய அப்பாவோ என்பது போலிருந்தது.

கண்காட்சி நான்கு நாள் நடந்தது. விழாப் படத்தையும் ஓட்டைப் படத்தையும் அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். சத்தியம் செய்த இருவரில் ஒருவர் முன்பே இறந்துவிட்டார். இன்னொருவர் வந்து படித்துவிட்டு, “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்று சொல்லிப் போனார். அம்மா வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். யாரையும் திட்டவில்லை, அதிகம் பேசவுமில்லை. கிரேன்காரர் அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். படங்கள் நூலக மாடியில், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. அவள் ஓய்வு பெற்று அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பாவின் உடல் கிடைக்கவே இல்லை.