விரிசலின் மேல் ஒரு தேதி

மூடிக் கிடந்த நூல் ஆலையை ஊர்ப் பொதுவுக்குச் சீர்செய்துகொண்டிருந்தோம். கொதிகலன் அறை குழந்தைகள் காப்பகம் ஆகவேண்டும். அதன் மேற்குச் சுவரில் தரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். அது இன்னும் வளர்கிறதா என்று தெரிய, குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சாந்துப் பட்டை வைத்துத் தேதி எழுதிவிடுவோம். சுவர் அசைந்தால் பட்டை விரிசல் வழியே பிளந்துவிடும். பட்டை வைத்ததும் நான், தேதி எழுதியதும் நான். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் வாரம் பட்டை வெடித்திருந்தது.

"சுவர் நகருது. திங்கட்கிழமை இடிச்சிடலாம்," என்றார் இன்ஜினியர் அம்மா. "காப்பகம் அடுத்த வருஷம்தான்."

பிள்ளையை விட இடமில்லாமல் என் மகள் விடுப்பில் இருக்கிறாள். அடுத்த வருஷம்வரை அவள் வேலை காத்திருக்காது.

பட்டையை உற்றுப் பார்த்தேன். வெடிப்பு விரிசல் வழியே போகவில்லை. சிலந்தி வலை மாதிரி நாலு பக்கமும் ஓடியிருந்தது. விரலால் தட்டினேன். கல்லோடு ஒட்டாமல் டொக்கென்றது. விஷயம் புரிந்துவிட்டது.

"மேடம், தப்பு சுவர் மேல இல்ல. என் மேல."

மேஸ்திரி என் மனைவியின் அண்ணன். என் காலை மிதித்தார். "சும்மா இருங்க மாப்ளே. வேலை போயிடும்."

"போனா போகட்டும் மச்சான். செங்கல்லை நனைக்காம பட்டை வச்சிட்டேன் மேடம். காஞ்ச கல்லு சாந்துல இருந்த தண்ணியெல்லாம் குடிச்சிடுச்சு. சுருங்கி வெடிச்சது பட்டைதான்."

"இத்தனை வருஷமா கொத்து வேலை பாக்கறீங்க. நனைக்கணும்னு தெரியாதா?"

"தெரியும். தேதி எழுதற அவசரம்."

மச்சானால் அடக்க முடியவில்லை. "எட்டுக்கு வயிறு சரியா வரலன்னு மூணு வாட்டி அழிச்சு எழுதினாரு மேடம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்க பேச்சை எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். நல்லா நனைச்சு மூணு பட்டை வைக்கிறேன். ஒரு மாசம் பாருங்க. அதுல ஒண்ணு பிளந்தாலும் முதல் கடப்பாரை நானே போடறேன்."

இன்ஜினியர் அம்மா வெடித்த பட்டையைத் தானும் தட்டிப் பார்த்தார். "சரி, ஒரு மாசம். பட்டையை வச்சிட்டு, அதுவரைக்கும் கொத்துக் கரண்டியைத் தொடக்கூடாது. கல்லு சுமங்க."

சுமந்தேன். தோள் வீங்கி, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. ஆனாலும் காலையில் பட்டைகளை எட்டிப் பார்க்கக்கூட நான் போகவில்லை. கல் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எனக்குத் தெரியாதா?

மாதம் முடிந்த அன்று இன்ஜினியர் அம்மா மூன்று பட்டைகளிலும் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு முடி அளவுகூட வெடிப்பு இல்லை.

"சுவர் நிக்கட்டும். அடுத்த மாசம் முதல் தேதி திறந்திடலாம். நாளையிலிருந்து நீங்க கரண்டியை எடுங்க."

அங்கேயே மகளுக்குப் போன் போட்டேன்.

"நிஜமாவாப்பா? எந்தத் தேதி? ஆபீசுக்குச் சொல்லணும், எழுதி அனுப்புங்க."

சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். சாரத்தின் மேலிருந்து மச்சான் கத்தினார்:

"நனைச்சுட்டு எழுதுங்க மாப்ளே!"