சிவப்புக் காருக்கு வாங்கிய மாலை

என் அக்கா மகன் இளஞ்செழியன் கார் பந்தயத்தில் ஓடப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் அல்ல, விமான நிலையத்தின் மேல். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவ்வளவு நீளத்துக்கு ஓடுதளம் போட்டு வைத்திருக்கிறார்கள், விமானம்தான் வருவதில்லை. சும்மா கிடக்கிற இடம் யார் கண்ணையாவது உறுத்தாமல் இருக்குமா? 2004-ஆம் வருஷம் யாரோ புண்ணியவான்கள் அங்கே அகில இந்தியக் கார் பந்தயம் நடத்தக் கிளம்பிவிட்டார்கள்.

நான் பத்திர எழுத்தர். பெயர் ஜானகிராமன். அடுத்தவர் வாயிலிருந்து வரும் வார்த்தையைத் தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முப்பது வருஷம் பிழைத்தவன். சாட்சி இல்லாத வார்த்தை எனக்கு வார்த்தையே இல்லை. பாகூர் ராமலிங்கத்திடம் நான் பட்ட அவஸ்தைக்கும் அதுதான் காரணம்.

இளஞ்செழியனுக்கு நெல்லித்தோப்பில் சொந்தமாக ஒர்க்‌ஷாப். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் சுமலதா தன் ஸ்கூட்டரை ஆறு மாதத்தில் ஒன்பது தடவை அவனிடம் பழுது பார்க்கக் கொண்டுவந்தாள். கைராசியான மெக்கானிக்கிடம் ஒரே வண்டி ஒன்பது தடவை வந்தால் கோளாறு வண்டியில் இல்லை என்று எனக்கே புரிந்தது. முறைப்படி பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆயிற்று. பெண்ணின் அப்பா ராமலிங்கம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. நெல் விவசாயி. இள வயதில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் யாரையும் முன்னே விட்டதில்லை என்று கூடத்தில் போட்டோ மாட்டி வைத்திருந்தார்.

"பையன் கார் பந்தயத்துல ஓடறானாமே? நான் வந்து பாக்கறேன். ஜெயிக்கிற ஆளா இருந்தா மேல பேசுவோம்" என்றார்.

"ஆகட்டும் சம்மந்தி" என்றேன் நான்.

"பாப்போம் பத்திரக்காரரே" என்றார் அவர். நான் பத்துத் தடவை சம்மந்தி என்று அழைத்தாலும் அந்த மனிதர் வாயிலிருந்து பதிலுக்கு ஒரு சம்மந்தி வராது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. சவுக்குக் கட்டைகளைக் கட்டி, மேலே பந்தல் துணி போட்டு, அதற்கு காலரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்தலின் நிழல் காலரியின் மேல் விழாமல் பக்கத்துக் காலி இடத்தில் விழுந்தது. என் அக்கா நிர்மலாதேவி ஒரு கூடை நிறையப் புளியோதரைப் பொட்டலமும், மகன் ஜெயிப்பான் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய ரோஜா மாலையும் கொண்டுவந்திருந்தாள். ராமலிங்கம் வெள்ளை வேட்டி சட்டையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் சுமலதா. நைட் டியூட்டி முடித்து நேராக வந்தவள், கையில் பேனாவோடு கண் கொட்டாமல் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் ஒருவர் ஆங்கிலத்திலும், பிறகு பிரெஞ்சிலும், கடைசியில் தமிழிலும் பேசினார். மூன்றும் ஒரே மாதிரி கரகரவென்று கேட்டதால் யாருக்கும் பாரபட்சம் இல்லை. கொடி அசைந்தது. பதினான்கு கார்களும் ஒரே நேரத்தில் உறுமியபோது என் அடிவயிறு வரை அதிர்ந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கார் பந்தயம் பார்ப்பதைப் பற்றி யாரும் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை. வருகிறது, வருகிறது என்று எட்டிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது பெட்ரோல் நாற்றமும் கழுத்து வலியும்தான். பிறகு இரண்டு நிமிஷம் வெறும் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மறுபடியும் சர்ர்ர். இப்படி இருபது சுற்று.

"இதுல நம்ம பையன் எது?" என்று கத்தினார் ராமலிங்கம்.

"செவப்பு காரு, சம்மந்தி!"

மூன்றாவது சுற்றிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. திருப்பங்களில் கார் மோதாமல் இருக்க வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அவர் கண் அதன் மேல் போயிற்று. "நல்ல வைக்கோலு. மாட்டுக்குப் போடாம ரோட்ல போட்டு வச்சிருக்கானுங்களே!" என்று எழுந்து போனார். ஒரு பிடி உருவி மோந்து பார்த்தார். காவலாளி விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். எந்த ஊர் வைக்கோல், எந்த ரகத்து நெல் என்று அவனையே பிடித்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது. சிவப்புக் காரின் புகைக்குழாய் கழன்று தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இளஞ்செழியன் ஓரம் கட்டினான். இறங்கி, கம்பியைத் தேடி, குப்புறப் படுத்துக் கட்டினான். மற்ற பதின்மூன்று காரும் அவனை ஒரு தடவை கடந்தன, இரண்டு தடவை கடந்தன, மூன்றாவது தடவையும் கடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாக ராத்தூக்கம் இல்லாமல் அந்தக் காரைத் தட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

அவன் மறுபடி கிளம்பவும் ராமலிங்கம் காலரிக்குத் திரும்பவும் சரியாக இருந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் கார் திருப்பத்தில் வந்தது. அதற்கு நாலு கார் நீளம் முன்னால் எங்கள் சிவப்புக் கார்.

"அட! பையன்தான் மொதல்ல போறான்!" என்று துள்ளினார் ராமலிங்கம்.

அவருக்குத் தெரிந்தது மாட்டுவண்டிப் பந்தயம். ஊர் எல்லையில் கிளம்பி அடுத்த ஊர் எல்லையைத் தொட வேண்டும். கண்ணுக்கு முன்னால் எவன் முன்னே போகிறானோ அவன்தான் முதல். சுற்றிச் சுற்றி வருகிற பந்தயத்தில் கடைசி ஆளும் முதல் ஆளுக்கு முன்னால் ஓட முடியும் என்பது அவர் அறியாத சங்கதி. நான் வாயைத் திறந்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைப் பதிவு செய்யாமல் மூடிக்கொண்டேன்.

என் இடது பக்கத்தில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற இராமதாஸ் என்ற பெரியவர், கழுத்தில் பைனாகுலர் மாட்டி உட்கார்ந்திருந்தார். "முசியே, அந்தப் பையன் மூணு சுத்து பின்னாடி இருக்கான்" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையில் ஒரு புளியோதரைப் பொட்டலத்தைத் திணித்தேன். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி, "முசியே..." என்றார். இரண்டாவது பொட்டலம். பந்தயம் முடிவதற்குள் அவர் வாயை அடைக்க ஐந்து பொட்டலம் ஆயிற்று.

ஒரு கட்டத்தில் வெள்ளைக் கார் சிவப்புக் காரைத் தாண்டியது. ராமலிங்கம் தொடையில் அடித்துக்கொண்டார். "உடாத தம்பி! அமுக்கு! வால முறுக்கு!" காருக்கு ஏது வால்? ஆனாலும் எங்கள் வரிசை முழுக்க "வால முறுக்கு!" என்று கத்த ஆரம்பித்தது. நானும் கத்தினேன்.

கடைசிச் சுற்று. வெற்றி கைக்கு வந்துவிட்ட தெம்பில் வெள்ளைக் கார்க்காரன் வண்டியை நிதானமாக விட்டான். இளஞ்செழியன் விடவில்லை. எங்கள் கண் முன்னால், காலரிக்கு நேர் எதிரே, சீறிக்கொண்டு வந்து அவனைத் தாண்டினான். அந்த நொடியில்தான் கட்டம் போட்ட கொடியும் அசைந்தது. கொடி வெள்ளைக் காருக்கு. ராமலிங்கத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

"ஜெயிச்சிட்டான்டா!" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

பரிசு மேடையில் மூன்று பேரை அழைத்தார்கள். மூன்றும் வெளியூர்ப் பெயர்கள். ராமலிங்கத்தின் முகம் கறுத்தது. அக்கா கையில் இருந்த மாலையைப் பிடுங்கிக்கொண்டு, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து, நேராக மேடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என்னாய்யா அநியாயம் இது? மொத வந்தவன உட்டுட்டு எவனுக்கோ கப்பு குடுக்கறீங்க?"

"யாரு சார் நீங்க?" என்றார் ஓர் அதிகாரி.

ராமலிங்கம் அவர் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினார். "நான் யாரா? பாகூர் ராமலிங்கம்! செவப்பு காரு ஓட்னவன் எம் மருமவன்! எம் மருமவன் மொத வந்தத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்! எம் மருமவனுக்கு நியாயம் கெடைக்காம இந்த எடத்த உட்டு நகர மாட்டேன்!"

இத்தனை நேரம் கரகரத்த ஒலிபெருக்கி அந்த மூன்று மருமவனையும் மணி மாதிரி ஊருக்கே சொன்னது. கூட்டம் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. "புதுச்சேரிக்காரன்னா எளக்காரமா?" என்று நாலு பேர் கத்தினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரக்கணக்கான சாட்சிகள் முன்னால் வார்த்தை வந்துவிட்டது!

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இளஞ்செழியன் வந்தான். முகமெல்லாம் கரி, கையில் ஹெல்மெட். நான் கண்ணைக் காட்டினேன், பல்லைக் கடித்தேன், வாயில் விரல் வைத்தேன். பயல் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் கடைசி. கொழா கழண்டு போச்சு, மூணு ரவுண்டு வுட்டுட்டேன்."

மைக் இன்னும் ராமலிங்கம் கையில்தான் இருந்தது. அதுவும் ஊருக்கே கேட்டது. கத்திய நாலு பேரும் பின்னால் நழுவினார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி பவ்யமாக ஒரு காகிதத்தை நீட்டினார். பதினான்காவது வரியில் அவன் பெயர்.

ராமலிங்கம் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கையில் இருந்த மாலையைப் பார்த்தார். இளஞ்செழியன் தலை குனிந்து நின்றான். இத்தனை பேர் முன்னால் மானம் போன மனிதர் இனி எங்கே பெண் கொடுப்பார்?

"பத்திரக்காரரே, உமக்குத் தெரியுமா?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பின்னால் வந்து நின்ற மகளிடம் திரும்பினார். "உனக்கு?"

சுமலதா இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நர்ஸுகளுக்கு எதையும் உள்ளங்கையில் குறித்துக்கொள்கிற பழக்கம். வெள்ளைக் காருக்கு இருபது கோடு, சிவப்புக் காருக்குப் பதினேழு கோடு, பேனாவால் வரிசையாகப் போட்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மருமவன்னு சொல்லியிருப்பியாப்பா?"

ராமலிங்கம் மைக்கை அதிகாரியிடம் கொடுத்தார். அதில் சொல்ல இனி ஒன்றும் பாக்கி இல்லை.

"கடைசின்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் அமுக்கி ஓட்டுன பாரு" என்று இளஞ்செழியனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "வாய உட்டதும் உட்டேன். குனி." மாலையை அவன் கழுத்தில் போட்டார். கூட்டம் கை தட்டியது. மேடையில் கப்போடு நின்ற வெள்ளைக் கார்க்காரன்கூடத் தட்டினான்.

அக்கா அழுதாள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ராமலிங்கம் என் தோளில் கை போட்டார்.

"சம்மந்தி, ஒரே ஒரு கண்டிசன்."

"சொல்லுங்க சம்மந்தி!"

"மாப்பிள்ள அழைப்புக்கு அந்தச் செவப்புக் காரு வேணாம். முகூர்த்தம் தப்பிடும்."