தான்சானியா மரியாதை

அமுதவல்லி பாஸ்போர்ட் வைத்திருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தருமபுரிக்கு வெளியே சேலம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் அவள் பத்தொன்பது வருடமாக நூலக உதவியாளர். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போகலாமென்று எடுத்த பாஸ்போர்ட் அது. குழந்தை எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட, தங்கையின் மாமியார் முந்திக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் முதல்வர் மாதவராஜ் அவளை அறைக்கு அழைத்தார்.

"மேடம், உணவுத் தொழில்நுட்பம் படிக்கத் தான்சானியாவுலருந்து ரெண்டு பொண்ணுங்க வர்றாங்க. நம்ம காலேஜுக்கு வர்ற முதல் வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ். நீங்கதான் கூட்டிட்டு வந்து, வூடு பாத்துக் குடுத்து, ஊரைப் பழக்கி விடணும்."

"நானுங்களா சார்?"

"நம்ம ஸ்டாஃப்லயே பாஸ்போர்ட் வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"சார், நான் பெங்களூரத் தாண்டிப் போனதில்லைங்க."

"அதனால என்னங்க? மனசளவுல ரெடியா இருந்திருக்கீங்க இல்ல? அது போதும்."

அமுதவல்லிக்கு இங்கிலீஷ் படிக்க வரும். புத்தக முதுகில் இருக்கும் எழுத்தைப் பத்தடி தள்ளி நின்றே படித்துவிடுவாள். பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று நான்கு வாக்கியங்களை உருப்போட்டாள். வெல்கம் டு தருமபுரி. ஹவ் வாஸ் யுவர் ஜர்னி. நான்காவது வாக்கியம் சொல்லும்போதெல்லாம் கணவர் சிரித்ததால் அதை விட்டுவிட்டாள்.

பெங்களூர் ரயில் காலையில் வந்து நின்றது. இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு பெட்டியோடு இறங்கினார்கள். உயரமானவள் நீமா, உருண்டை முகம் எஸ்தர். கல்லூரிப் பெயர் எழுதிய அட்டையைப் பார்த்ததும் நேராக அவளிடம் வந்தார்கள். வந்தவர்கள் தலையைத் தாழ்த்தி, முழங்காலை லேசாக மடித்து, இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் மெல்லிய குரலில் சொன்னார்கள்:

"ஷிகமோ."

அமுதவல்லியின் காதில் அது 'சீக்கிரமோ' என்று விழுந்தது. அட, தமிழ்! பாவம், போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் வந்ததும் வராததுமாக என்ன சீக்கிரம்? மடிந்திருந்த முழங்கால்களைப் பார்த்தாள். அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனை மணி நேரமாக அடக்கிக்கொண்டு வந்தார்களோ!

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று இரண்டு பேர் கையையும் பிடித்துப் பிளாட்பாரம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினாள். பெண்கள் காத்திருப்பு அறையின் கழிப்பறைக் கதவைத் திறந்து ஒவ்வொருத்தியாக உள்ளே தள்ளிவிட்டு, நான்கு பெட்டிகளுக்கும் காவல் நின்றாள். வெளியே வந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் அவளுக்கு வெல்கம் டு தருமபுரி நினைவுக்கு வந்தது.

குமாரசாமிப்பேட்டையில் ஜானகியம்மாள் வீட்டு மாடி காலியாக இருந்தது. அந்தம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அமுதா, இவுங்க என்ன ஆளுங்க?"

அமுதவல்லிக்குச் சங்கடமாகிவிட்டது. எப்படியோ இங்கிலீஷில் மென்று முழுங்கிக் கேட்டாள். நீமா கொஞ்சமும் தயங்காமல், "நியாக்யூசா," என்றாள்.

"நம்ம பக்கம் கேள்விப்பட்டதில்லையே. என்ன பண்றவங்களாம்?"

"விவசாயங்களாம். வாழை, மக்காச்சோளம் போடுவாங்களாம். மாடும் இருக்குதாம்."

"எத்தினி மாடு?"

"பதினாலு."

ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவருடைய கடத்தூர் நிலத்தில் இருப்பது மொத்தமே இரண்டு. "நல்ல குடும்பமாத்தான் இருக்கும். பெட்டியை மேல கொண்டு போகச் சொல்லு," என்றார்.

அடுத்த பத்து நாளும் அமுதவல்லி அவர்களோடு அலைந்தாள். போலீஸ் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பாய், தலையணை, கொசுவத்தி. காலையில் அவள் போய்க் கதவைத் தட்டும்போதெல்லாம் இரண்டு பேரும் முழங்காலை மடித்து, "ஷிகமோ" என்பார்கள். அவளும், "ஆமா கண்ணுங்களா, சீக்கிரம், சீக்கிரம்," என்று கிளப்பிக்கொண்டு ஓடுவாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுக்கூட அவர்கள் கூடவே ஓடி வந்தார்கள். நேரத்துக்கு இப்படி மதிப்புக் கொடுக்கும் பிள்ளைகளைத் தன் கல்லூரியில் அவள் பார்த்ததே இல்லை. முழங்காலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவலையாக இருந்தது. ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ஜானகியம்மாள் அவளை வாசலில் மறித்தார்.

"ஏம்மா, விடிஞ்சும் விடியாம கையெடுத்துக் கும்பிட்டுட்டுச் சீக்கிரம் சீக்கிரம்னு என்னை வெரட்டுதுங்களே, எதுக்கு? நானும் பயந்துகிட்டு அஞ்சு மணிக்கே எந்திரிச்சு காப்பி போட்டுடறேன்."

"சுறுசுறுப்பான புள்ளைங்கம்மா."

"அது சரி. எம்மருமவ மூணு வருசமா பண்ணாததை இதுங்க பத்து நாள்ல பண்ணிடுச்சுங்க," என்றார் ஜானகியம்மாள். அது பாராட்டா, புகாரா என்று அமுதவல்லிக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரவேற்பு விழா. மாதவராஜ் நல்ல மனிதர். ஆனால் ஒலிபெருக்கியைக் கண்டால் தன்னை மறந்துவிடுவார். தகடூர் என்ற பழைய பெயரில் ஆரம்பித்து, ரயில் பாதை போட்ட கதைக்குள் புகுந்து, கல்லூரிக்கு நிலம் வாங்கிய கதைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அரங்கில் அறுநூறு மாணவர்கள் அப்போதே கன்னத்தில் கை வைத்திருந்தார்கள்.

முதல்வர் இருக்கையிலிருந்து எழுந்து வந்து தொண்டையைச் செருமினார். கையில் பதினாறு பக்கத் தாள்கள். மேடையோரம் உட்கார்ந்திருந்த நீமாவும் எஸ்தரும் சட்டென்று எழுந்தார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து, முழங்காலை மடித்து, கைகூப்பி, மிகுந்த பணிவோடு சொன்னார்கள்:

"ஐயா, சீக்கிரம், சீக்கிரம்."

ஒலிபெருக்கி அதை அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விசிலும் கைதட்டலும். பின்வரிசையில் சில பேராசிரியர்களும் தட்டினார்கள். மாதவராஜ் தாள்களைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். மூன்றே நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்லூரி வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை.

கால்மணி நேரத்தில் அமுதவல்லி அவர் அறையில் நின்றாள்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"நான் இல்லைங்க சார். சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பெண்களையும் கூப்பிட்டார்கள். நடந்தது தப்பு என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. எஸ்தரின் கண் கலங்கிவிட்டது. நீமா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அமுதவல்லியிடம் நீட்டினாள். படிப்பது என்றால் அவளுக்குப் பயமில்லையே. அதில் முத்து முத்தான இங்கிலீஷ் எழுத்தில் இப்படி இருந்தது: சமவயதுக்காரர்களுக்கு, வணக்கம். மூத்தவர்களுக்கு, சீக்கிரம். இரண்டு முறை சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுத்தவர், திருமதி அமுதவல்லி, ரயில் நிலையம், முதல் நாள்.

நீமா நிறுத்தி நிதானமாக விளக்கினாள். அவர்கள் ஊரில் பெரியவர்களைப் பார்த்தால் முழங்காலை மடித்து 'ஷிகமோ' என்று சொல்ல வேண்டும். உங்கள் காலைத் தொடுகிறேன் என்று பொருள். வயதில் மூத்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிற மரியாதை. அவர்கள் 'ஷிகமோ' சொல்ல, அமுதவல்லி 'சீக்கிரம், சீக்கிரம்' என்று பதில் சொன்னாள். அப்படியானால் தமிழில் பெரியவர்களுக்கான வணக்கம் அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அமுதவல்லிக்குக் காது மடல் சுட்டது. தன் காலைத் தொட வந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கழிப்பறைக்குள் தள்ளியிருக்கிறாள். போதாததற்குத் தைலம் வேறு.

விஷயத்தைக் கேட்ட மாதவராஜ் அந்த நோட்டை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார்.

"அப்ப அந்தப் பொண்ணுங்க என்னை அவமானப்படுத்தலை."

"இல்லைங்க சார். மரியாதைதாங்க."

"சரி. அந்த அறுநூறு பேரு கைதட்டினது?"

அமுதவல்லி எச்சிலை விழுங்கினாள். "அதுவும் மரியாதைதாங்க சார்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்துபோனாள். நிமிர்ந்தபோது சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எஸ்தரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் அமுதவல்லி தயங்கித் தயங்கி நீமாவிடம் கேட்டாள். "ஷிகமோ... ஐ, வாட் டு சே?"

"மரஹபா," என்றாள் நீமா. உன் மரியாதையை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமாம்.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்த பெண்மணி, ஏதோ மந்திரம் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் கல்லூரியில் எல்லோரும் அவளிடம் புத்தகம் கேட்டிருக்கிறார்கள், அபராதம் குறைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறார்கள். தினமும் நின்று முழங்காலை மடித்து வணக்கம் சொன்னது இந்த இரண்டு பேர்தான்.

மறுநாள் கதவு திறந்ததும் அவர்கள் 'ஷிகமோ' சொன்னார்கள். அவள் நின்றாள். செருப்பைக் கழற்றினாள், மூச்சை இழுத்துவிட்டாள். "மரஹபா," என்றாள். இரண்டு பேரும் குதித்துக் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜானகியம்மாளிடமிருந்து போன் வந்தது. "அமுதா, உடனே வா. மேல வெள்ளை மாவை வெச்சுகிட்டு என்னமோ பண்ணுதுங்க."

போய்ப் பார்த்தால், நீமா அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊர்ச் சாப்பாடு, பெயர் உகாலி என்றாள். ஜானகியம்மாள் இடுப்பில் கை வைத்து எட்டிப் பார்த்தார்.

"அடியே, இது களிடி! இதுக்கு எதுக்குக் கப்பல்ல வந்த மாதிரி ஒரு பேரு?"

"ஆமாங்கம்மா, அதேதான்," என்றாள் அமுதவல்லி.

"கேவுரு மாவு கீழ டின் நிறைய இருக்குது. அதைப் போட்டாத்தான் களி. இது என்ன, சுண்ணாம்பு கணக்கா?" என்றபடி கரண்டியைப் பிடுங்கினார். "இப்படிச் சுத்துனா கட்டி தட்டிடும். இந்தப் பக்கமா அழுத்தணும்."

நீமாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கிண்டுகிற விஷயத்தில் அவளுக்கும் அபிப்பிராயம் இருந்தது. இங்கிலீஷும் சுவாஹிலியும் கலந்து ஏதோ சொல்லிக் கரண்டியைத் திரும்ப வாங்கினாள். "எங்காத்தா எப்படிக் கிண்டுவான்னு தெரியுமா உனக்கு?" என்று ஜானகியம்மாள் மறுபடியும் பிடுங்கினார். அமுதவல்லி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். யாரும் அவளைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

எஸ்தர் சத்தமில்லாமல் கீழே போய் ஜானகியம்மாள் வீட்டுக் கீரைக் குழம்புச் சட்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். அமுதவல்லி நான்கு தட்டுகளை எடுத்துக் கழுவினாள்.