கெனெஷ் கொடுத்த ஹார்டு டிஸ்க்

எதை வாங்குவது என்று சைகல் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். இரண்டு டெராபைட், உள்ளே சுழலும் தட்டு இல்லாதது, சுற்றிலும் ரப்பர் உறை போட்டது. அதில் இரண்டு வேண்டும். ஒன்று வேலைக்கு, மற்றொன்று அப்படியே நகலாக வீட்டு அலமாரிக்கு. தலைநகர் பிஷ்கேக்கிலும் மலையோரத்து ஊர்களிலும் கல்யாணப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக்கொண்டே போகும் வண்டியில் சுழலும் தட்டு எத்தனை நாள் தாங்கும்? பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது, போதாக்குறைக்கு அவ்வப்போது கடகடவென்று சத்தம் வேறு. பெரிய சாலையில், ரசீதும் உத்தரவாதமும் தருகிற ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்து, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவன் மெலிஸ் காதில் இது விழுந்தது.

"எங்க அத்தானே கடை வெச்சிருக்கார். நாம வெளிய வாங்கினோம்னு தெரிஞ்சா அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"உங்க அத்தான் விக்கிறது போன் கவரும் சார்ஜரும்."

"ஹார்டு டிஸ்க்கும் விக்கிறார். சும்மா பாத்துட்டாவது வருவோம், வா."

மெலிஸின் அக்கா குல்சாத்தின் கணவன் கெனெஷ். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மின்பொருள் அங்காடியில், கதவளவு அகலத்தில் அவனுக்கு ஒரு கடை. படம் எடுப்பவள் சைகல், பணம் கொடுக்கப் போகிறவளும் அவள். ஆனால் கெனெஷ் முழுக்க முழுக்க மெலிஸைப் பார்த்தே பேசினான்.

"தம்பி, இதப் பாரு. எட்டு டெராபைட்! வெளிய ரெண்டு டெராபைட்டுக்குச் சொல்ற விலையில பாதி."

"அண்ணே, இந்த விலைக்கு எட்டு டெராபைட் வரவே வராது" என்றாள் சைகல்.

"மத்தவங்களுக்கு வராது. எனக்கு எல்லையில இருந்து நேரா வருது."

"உள்ள என்ன சிப் இருக்கு?"

"நல்ல சிப்" என்றான் கெனெஷ். பிறகு மெலிஸிடம், "உன் வீட்டுக்காரி இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறாடா" என்று சிரித்தான்.

மெலிஸும் சிரித்தான். சைகலுக்குச் சுருக்கென்றது.

"நம்ம வீட்டு மருமகளுக்கு நான் கெட்டதக் குடுப்பேனா? சொல்லு மெலிஸ், குடுப்பேனா?"

"சேச்சே, என்ன அத்தான் இது!"

"அப்படின்னா ரெண்டு குடுங்க" என்றாள் சைகல். நகல் விஷயத்தையாவது விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"எட்டு இருக்கையில எதுக்கும்மா ரெண்டு? உன் பேரப்பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும் இதுவே கொள்ளும்."

"அதானே" என்று மெலிஸ் பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் வீட்டில் ஒரு மனக்கசப்பு எதற்கு என்று சைகல் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மலையோரத்து ஊரான கொச்கோரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை எல்தோஸின் அம்மா உல்கனுக்கு வயிற்றில் கட்டி. மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். மாமியார் தன் கையால் மருமகள் தலையில் வெள்ளை முக்காடு கட்டும் சடங்குக்கு நேரம் வந்ததும், நாற்காலியை விட்டு எழவே மாட்டாள் என்று எல்லோரும் நினைத்த அந்த அம்மா, பிடிக்க வந்த கைகளைத் தட்டிவிட்டுத் தானே எழுந்தாள். நிதானமாகக் கட்டினாள். கட்டி முடித்து மருமகளின் கன்னத்தைப் பிடித்து ஏதோ சொல்ல, அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சைகல் தரையில் முழங்காலிட்டு அத்தனையையும் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் தான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் இதுதான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றினாள். முதல் நாலைந்தைத் திறந்து பார்த்தாள், நன்றாகவே இருந்தன. மறுநாள் வேறொரு கல்யாணம் இருந்ததால் கேமரா கார்டுகளை அழித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படங்களைத் திருத்த உட்கார்வதற்குள் எல்தோஸ் கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. துக்கத்துக்கு வர்றவங்க பாக்குற மாதிரி ஒரு படம் வைக்கணும். முக்காடு கட்டினாங்களே, அது. அத மட்டும் முதல்ல அனுப்புங்க."

சைகல் டிஸ்க்கைச் செருகினாள். கோப்புகளின் பெயர், தேதி, அளவு எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முக்காடு கட்டியது, கன்னத்தைப் பிடித்தது, மருமகள் சிரித்தது என்று எதைத் திறந்தாலும் சாம்பல்.

அவள் போட்ட கூச்சலில் மெலிஸ் ஓடி வந்தான்.

"கேபிளை மாத்திப் பாரேன்" என்றான்.

கேபிளை மாற்றினாள். கணினியை மாற்றினாள். பிறகு அடுக்களைக் கத்தியை எடுத்து வந்து டிஸ்க்கின் மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே, செல்போனில் போடுகிற நகத்தளவு மெமரி கார்டு ஒன்று ஒரு சின்னப் பலகையில் செருகியிருந்தது. பக்கத்தில், கனம் தெரிவதற்காகப் பசை வைத்து ஒட்டிய துருப்பிடித்த இரும்பு நட்டு.

அதைப் பிய்த்து மெலிஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா, உங்க அத்தானோட எட்டு டெராபைட். அந்தச் சின்னக் கார்டு நிறைஞ்சதும் மிச்சத்துக்கெல்லாம் பேரு மட்டும்தான் நிக்கும், படம் நிக்காது."

மெலிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அவரையும் யாராச்சும் ஏமாத்தியிருப்பாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போயி டீ குடிச்சுட்டே நிதானமா கேப்போம்."

"டீயா? அந்த அம்மாவே போயிட்டாங்க மெலிஸ். நான் டீ குடிக்கணுமா?"

கத்தியையும் நட்டையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். மெலிஸ் செருப்பை மாட்டிக்கொண்டு, கார்ச் சாவியோடு பின்னாலேயே ஓடினான்.

அங்காடியில் கூட்டம் இருந்தது. பள்ளிக்கூட ஆசிரியை போலிருந்த ஒரு பெண் கெனெஷ் கடையில் நின்று அதே டிஸ்க்கைத்தான் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைகல் இரும்பு நட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள்.

"அண்ணே, இது உங்க சிப். நல்ல சிப்னு சொன்னீங்களே."

கெனெஷின் முகம் ஒரு கணம் மாறிச் சரியானது. "அட, சப்ளையர் என்னையும் ஏமாத்திட்டான் போலருக்கு. பணத்த வாங்கிக்கோ, தங்கச்சி. எதுக்குச் சத்தம்?"

"பணம் வேண்டாம். ஏமாந்துட்டீங்கன்னா அந்த அலமாரியில இருக்கிறதுல ஒண்ணத் திறந்து காட்டுங்க."

"திறந்தா அப்புறம் எவன் வாங்குவான்?"

"நான் வாங்கறேன்." அவள் பணத்தை மேசையில் வைத்தாள். ஆசிரியையின் கையிலிருந்ததைக் கேட்டு வாங்கினாள். பையிலிருந்த கத்தியால் அங்கேயே மூடியைப் பிளந்தாள். நட்டு உருண்டு தரையில் விழுந்து ஓடியது. ஆசிரியை குனிந்து அதை எடுத்து, கெனெஷை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தூ" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கெனெஷ் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மெலிஸிடம் பேசினான். "ஊரு முன்னாடி என்னை நாறடிக்கிறா. நீ ஆம்பளயா இருந்தா உன் பொண்டாட்டிய அடக்கு."

சைகல் திரும்பி மெலிஸைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்தாள். மெலிஸ் தரையைப் பார்த்தபடி, "வா சைகல், போகலாம்" என்றான்.

கெனெஷ் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அப்போது அவளுக்கு மெலிஸ் மேல் வந்தது. திரும்பும் வழியெல்லாம் காரின் பின் இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தாள்.

அழித்த கார்டுகளிலிருந்து மீட்கத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தாள். அவற்றின் மேல் வேறு கல்யாணம் ஏறியிருந்தது. இறைச்சித் தட்டுகள், வரிசையாக நின்ற கார்கள், யாரோ ஒரு குழந்தை என்று துணுக்குகளாகச் சில வந்தன. உல்கன் இருந்தது ஒன்றே ஒன்று. முக்காடு கட்டுகிறாள், ஆனால் முதுகுப்பக்கம். முகம் இல்லை.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. மெலிஸ் தானாகவே வண்டியை எடுத்தான். கொச்கோர் போகும்போதும் அவள் பின் இருக்கையில்தான் உட்கார்ந்தாள்.

எல்தோஸ் துக்கக் கூடாரத்தின் வாசலில் நின்றிருந்தான். சைகல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடைசியில் அந்த ஒரு படத்தை நீட்டினாள்.

"முதுகா?" என்றான் அவன். "எங்கம்மா முதுகையா வர்றவங்களுக்குக் காட்டுவேன்? உங்கள நம்பித்தான வேற யாரையும் படம் எடுக்க விடல? போன உள்ள வைங்க, குறுக்க வராதீங்கன்னு எல்லாரையும் விரட்டுனீங்களே!"

அது உண்மை. விரட்டியிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் கேட்டாள்.

வெள்ளை முக்காட்டோடு புதுப்பெண் வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "எந்தக் கடைல வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

மெலிஸ் முந்திக்கொண்டான். "அது, சந்தையில யாரோ ஒருத்தன்…"

"யாரோ இல்ல" என்றாள் சைகல். "பிஷ்கேக்குல பஸ் ஸ்டாண்டு பின்னாடி அங்காடி. பேரு கெனெஷ். இவரோட அக்கா புருஷன்."

எல்தோஸ் மறுநாளே சித்தப்பாமார்களைக் கூட்டிக்கொண்டு பிஷ்கேக் வந்தான். அவர்கள் யார் மேலும் கை வைக்கவில்லை. கடை முன்னால் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செத்துப்போன அம்மாவின் கதையைச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அங்காடிக்காரர்கள் கெனெஷைச் சாமானோடு வெளியேற்றிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் குல்சாத் வந்தாள். கதவு திறக்கும் முன்பே மாடிப்படியில் அவள் குரல் கேட்டது.

"எங்கடா அவ? எங்க குடும்பத்துக்குள்ள வந்து எங்க அடுப்பிலயே தண்ணிய ஊத்துனவ!"

வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது. சைகல் மேசையில் ரொட்டியை வைத்தாள், தேநீரை ஊற்றினாள், எதிரே உட்கார்ந்தாள். குல்சாத் ஒரு வாய் குடித்தாள், ஒரு பாட்டம் திட்டினாள், மறுபடி குடித்தாள். மெலிஸ் அடுக்களை வாசலிலேயே நின்றான்.

"எம் புருஷன் விக்கிறது எல்லாம் போலின்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்க. போலின்னா எங்க வீட்டுக்கே குடுப்பாரா? இந்தா!" குல்சாத் கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேசையில் அடித்து வைத்தாள். "புள்ளைங்க பிறந்ததுலருந்து எடுத்த படம் பூரா இதுலதான் கெடக்கு. போன்ல இடம் பத்தலைன்னு எல்லாத்தையும் இதுல போட்டுக் குடுத்தார். ஒரு கோளாறு கிடையாது. இப்ப என்ன சொல்ற?"

அதே டிஸ்க். அதே உறை.

"திறந்து பாத்திருக்கீங்களா, அக்கா?"

"எதுக்குப் பாக்கணும்? பத்திரமா இருக்குல்ல?"

சைகல் லேப்டாப்பைக் கொண்டு வந்து செருகினாள். ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் வந்தன. முதல் கோப்புறையில் இருந்தவை திறந்தன. மூத்தவள் ஐதானா தொட்டிலில், மெலிஸின் தோளில். குல்சாத் வெற்றியோடு நிமிர்ந்தாள்.

"பாத்தியா?"

சைகல் அடுத்த கோப்புறைக்குப் போனாள். சாம்பல். அதற்கடுத்ததும் சாம்பல். குல்சாத் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இது என்ன? இது ஐதானா முதல் நாள் பள்ளிக்கூடம் போனது. அதத் திற."

"திறந்துதான் இருக்கு, அக்கா."

"அப்ப அடுத்தது. எங்க சின்னவனோட தொட்டில் விசேஷம். அது… அதுவும் போச்சா?" குல்சாத்தே மவுஸைப் பிடுங்கி ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி வரை அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றான் மெலிஸ், வாசலிலிருந்து.

குல்சாத் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ரொம்பப் போடாதேன்னு சொன்னார்" என்றாள். "அன்னைக்கே சொன்னார். 'இதுல ரொம்பப் போடாத, கொஞ்சமா வெச்சுக்கோ'ன்னு. ஏன்னு கேட்டேன். சிரிச்சார்."

குல்சாத்துக்கு ஆறுதல் சொல்லச் சைகலுக்குத் தோன்றவில்லை. ஆறுதல் சொல்லும் நிலையில் அவளும் இல்லை. அவள் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அந்த அறையில் அது அவளுடையது மட்டும் இல்லை.

குல்சாத் எழுந்து முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். "மெலிஸ், வண்டிய எடு."

"அக்கா, கொஞ்சம் நிதானமா… அத்தான்கிட்ட நான் பக்குவமா…"

"அன்னைக்குக் கடையில வாய மூடிட்டு நின்னியாமே. இப்பவும் மூடு. வண்டிய எடு." அவள் சைகலைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. "நீயும் வா. அந்தக் கத்திய எடுத்துக்கோ. அந்த ஆளு முன்னாடியே இதத் திறந்து காட்டு."

சைகல் தேநீர்க் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.