ரோசம்மாள் குரல் ஏறிய தலையணை

கோம்பையில் மெத்தை தைத்துவந்த சூசைமுத்து, தன் பாட்டுகளை இலவம்பஞ்சில் பதித்து தலையணையாகத் தைத்து வைத்திருந்தார். காதை வைத்துப் படுத்தால் பாட்டு கேட்கும். ஆடியிலிருந்து மாசி வரை வரிகளைக் கரியால் சுவரில் எழுதுவார், அழிப்பார், ஆர்மோனியத்தில் மெட்டுப் பார்ப்பார். பங்குனியில் இலவங்காய் வெடித்ததும் சன்னலை அடைத்து, பஞ்சை மூங்கில் கம்பால் அடித்து அறை முழுக்கப் பறக்கவிட்டு, அதன் நடுவே நின்று பாடுவார். பஞ்சு படிந்ததும் கூட்டி அள்ளி உறையில் திணிப்பார். அதில் ஒரு பிடியை வேறு தலையணையில் போட்டால் பாட்டு முழுதாக அங்கேயும் இருக்கும். ஆனால் பஞ்சில் ஏறிய பாட்டு அவர் தொண்டையில் தங்காது. மறுபடி பாட வராது.

வேண்டாத சத்தம் பஞ்சில் ஏறிவிட்டால் கம்பால் அடித்து நீக்கலாம். 1931இல் ஒரு தாலாட்டின் நடுவே ஏறிய குரைப்பை அப்படித்தான் நீக்கினார். மறுநாள் முதல் அடுத்த வீட்டு நாய் வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"ஏலே சூச, கோம்ப நாய ஊமையாக்கிட்டியேடா!" என்று வாசலில் நின்று கத்தினார் நாய்க்காரர் பேச்சிமுத்து. "களவாணி வந்தா அது என்ன, கைதட்டியா கூப்புடும்?"

அவருக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாய் மேலும் எட்டு வருடம் சத்தமில்லாமல் காவல் காத்தது.

1936இல் சூசைமுத்து மேகமலையில் மேகம் இறங்குவதைப் பாடினார். அவர் பாட்டுகளிலேயே அதுதான் உயர்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாம் அடியில் அவர் மனைவி ரோசம்மாள் அடுப்படியிலிருந்து போட்ட சத்தமும் பஞ்சில் ஏறியிருந்தது: "கொழம்பு தீயுது, அங்கன என்ன பாட்டு?"

கம்பத்தில் ஒரு விடுதியில் தங்கிய கிராமபோன் ஏஜெண்டு வைகுண்டராஜ் அந்தப் பஞ்சில் ஒரு பிடி போட்டுத் தைத்த தலையணையில் படுத்துவிட்டு நேரே கோம்பைக்கு வந்தார். "அந்தப் பொம்பளச் சத்தத்த மட்டும் எடுத்துருங்க. வெள்ளிக்கிழமை வாங்கிட்டுப் போறேன், பிளேட்டாப் போட்டுருவோம்" என்றார். கம்பம் சந்தையில் கிராமபோனில் முதல் பிளேட்டைக் கேட்ட நாளிலிருந்து பதினைந்து வருடமாகச் சூசைமுத்து காத்திருந்த வார்த்தை அது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் தலையணையைப் பிரித்துக் கம்பை எடுத்தார். ரோசம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அடிங்க. நாயே பேசாம இருக்கப் பழகிருச்சு, நான் பழகமாட்டனா?"

"நீயா?" என்றார் அவர்.

"அப்பறம் சாப்புட யாரு கூப்புடுவான்னு ரோசன பண்ணிட்டு அடிங்க."

அவர் கம்பை ஓங்கினார். பிறகு அதை இரண்டாக ஒடித்து அடுப்பில் வைத்தார். அன்றைய சோறு அந்த விறகில்தான் வெந்தது. வெள்ளிக்கிழமை வந்த ஏஜெண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பிளேட்டு வரவில்லை. மேகமலைக்கு ஏலக்காய் பறிக்கப் போன பெண்களுக்கு ரோசம்மாளே ஒவ்வொரு பிடி பஞ்சு கொடுத்தனுப்பினாள். இரண்டே வருடத்தில் வருசநாடு வரை அந்தப் பாட்டைப் பாடினார்கள், அவள் போட்ட சத்தத்தையும் ஓர் அடியாகச் சேர்த்து. அந்த அடி வரும்போது, எங்கே பாடினாலும், லேசாகக் குழம்பு கருகிய வாசனை வரும். யாரும் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பதில்லை.